குருவி பெயரில் ஒரு கட்டில்

அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் அவரைக் கம்ப்யூட்டர் தம்பி என்றுதான் சொல்வார்கள். தலை பாதி நரைத்துவிட்டது, திரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது, இருந்தாலும் தம்பிதான். மேல்மாடியில் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாராவது வந்தால் எங்கே உட்காரவைப்பது என்ற கவலை அவருக்கு வந்ததே இல்லை. யாரும் வந்தால்தானே.

கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவர் தொழில். வேலை எல்லாம் விரலால்தான். வாய்க்கு வேலை இல்லை. காலையில் குளித்துவிட்டுச் சாமி கும்பிடும்போது மட்டும் வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுவார். சில நாட்களில் அவர் குரலை அவரே கேட்பது அந்த ஒரு நேரந்தான். கேட்க ஆண்டவன் ஒருவன் இருக்கிறான் என்பதால் அந்தக் குரல் துருப்பிடிக்காமல் இருந்தது.

உறவென்று இருந்தது ஒரே அக்கா. வேறு ஊரில். அம்மா வேலைக்குப் போய்விட, அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். குச்சிக் காலும் கொறிக்கிற சாப்பாடுமாக இருந்ததால் குருவி என்று பேர் வைத்தவளும் அவள்தான். அத்தான் நோயில் விழுந்தபோது, "ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போடா" என்று போன் செய்தாள். "இந்த வேலை முடிஞ்சதும் வந்துடறேன்க்கா" என்றார் இவர். அது முடிந்தது, அடுத்தது வந்தது. ஒரு வழியாகப் போய் நின்றபோது அத்தான் போய்ச் சேர்ந்து, எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுச் சரியாகியிருப்பார். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்ததற்கு என்ன காரணம் சொல்வது என்று தயங்கியே இன்னொரு மாதம் போயிற்று. பிறகு வருஷமே போயிற்று. நடுவில் போன் தொலைந்து நம்பரும் மாறியது. அதைச் சொல்லவாவது கூப்பிட்டிருக்கலாம். தினமும் காலையில் கும்பிடும்போது, "இந்த வேலை முடியட்டும், அக்காகிட்ட பேசிடறேன்" என்று சாமியிடம் சொல்லுவார். சாமிக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். ஆனால் இந்தத் தடவை அவர் மனசாரச் சொன்னார். நாற்காலிக்காரர் வேலை முடிந்த அன்றைக்கே பேசிவிடுவது என்று.

நாற்காலிக்காரர் என்பவர் நோயாளிகளுக்கான சாமான்களை வாடகைக்கு விடுபவர். மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். ஆள் பெரிய உடம்பு, பெரிய குரல். வெப்சைட்டில் சாமானைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் பணத்தை மட்டும் நேரில் வந்து கட்ட வேண்டியிருந்தது.

"நோயாளியை வீட்ல படுக்க வச்சுட்டு என் கடை வாசல்ல வந்து நிக்கிறாங்க தம்பி, பாவமா இருக்கு. உக்காந்த இடத்துலயே பணம் கட்டுற மாதிரி பண்ணுங்க" என்றார்.

அதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. பாங்க் அட்டையிலிருந்தோ பாங்க் கணக்கிலிருந்தோ பணத்தை வாங்கிக் கடைக்காரர் கணக்கில் சேர்க்கிற கம்பெனி. அதை வெப்சைட்டோடு இணைத்துவைக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும், செய்தால்தான் தெரியும். வாடிக்கையாளர் நம் கடையிலிருந்து அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போவார், பணம் கட்டுவார், திரும்பி வருவார். வருகிற வழியில் போனில் சார்ஜ் தீர்ந்துபோனால்? பணம் போயிருக்கும், கடைக்குத் தெரிந்திருக்காது. அதனால் ஆள் திரும்பி வந்தாரா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பணம் வந்ததும் கம்பெனியே பின்வாசல் வழியாக ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதி உண்மையிலேயே கம்பெனியிலிருந்துதான் வந்ததா, எவனாவது விளையாடுகிறானா என்று கையெழுத்தைச் சரிபார்த்து, அப்புறம்தான் பணம் வந்ததாக எழுத வேண்டும். இதையெல்லாம் அவர் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற பக்குவத்தோடு செய்தார்.

சந்தேகம் வந்தால் கேட்கக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. எழுதிக் கேட்டால் உடனே பதில் வரும். பதில் சொல்வது மனிதர் இல்லை, இயந்திரம். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் முடிவில் கேட்கும். இவரும் ஒவ்வொரு தடவையும் "வேண்டாம், ரொம்ப நன்றி" என்று எழுதுவார். எழுதாமல் மூடிவிட்டுப் போக அவருக்கு மனசு கேட்காது.

உண்மைப் பணத்தை வைத்து ஒத்திகை பார்க்க முடியாதல்லவா? அதற்காக அந்தக் கம்பெனி நிரலில் போட இரண்டு சாவி, அதாவது ரகசியக் குறியீடு, கொடுக்கும். ஒன்று சோதனைச் சாவி, இன்னொன்று நிஜச் சாவி. சோதனைச் சாவியைப் போட்டால் எல்லாம் நடக்கிற மாதிரியே நடக்கும், ஒரு காசு நகராது. அட்டை எண்கூட அவர்களே தருவார்கள். உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத அட்டை.

அட்டை கிடைத்துவிட்டது. ஆர்டர் போடுகிறவர் பேரும் போன் நம்பரும் வேண்டுமே. கண்டபடி எண்களைத் தட்டினால் நம்பர் சரியில்லை என்று அவர் எழுதிவைத்த நிரலே அவரைத் திருப்பி அனுப்பியது. தன் நம்பரைப் போட்டார். அது கடையின் பொறுப்பாளர் நம்பராகப் பதிவாகிவிட்டது, வாடிக்கையாளராக வர முடியாது என்றது. யோசிக்காமல் விரல் தானாகப் போய் ஒரு நம்பரைத் தட்டியது. அக்கா நம்பர். பேர் என்ற இடத்தில் குருவி என்று போட்டார். வெறும் ஒத்திகைதானே, எங்கே போகப்போகிறது என்று நினைத்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. பணம் கம்பெனியின் கையில் இருந்தது. ஆனால் வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜ் வேறொரு கம்பெனியின் கையில் இருந்தது. அதை நாற்காலிக்காரர் முன்பே காசு கொடுத்து வாங்கியிருந்தார், இவரும் வேலையின் ஆரம்பத்திலேயே அதைத் திறந்துவிட்டு மறந்துபோனார். அந்த மெசேஜ் கம்பெனிக்குச் சோதனை, நிஜம் என்ற பேதமெல்லாம் தெரியாது. கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் நாள் ஊன்றுகோலை வைத்துப் பார்த்தார். திரையில் பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது. அதே நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் அக்காவின் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. "வணக்கம் குருவி. உங்கள் ஊன்றுகோலுக்கான பணம் கிடைத்தது. இன்றே வீடு வந்து சேரும். விரைவில் நலம் பெற வேண்டுகிறோம்." அந்த வாசகம் நாற்காலிக்காரரே யோசித்து எழுதியது, அடியில் கடையின் விலாசமும் போன் நம்பரும் இருக்கும்.

மறுநாள் நடைச்சட்டம், வாக்கர் என்பார்களே அது. அதற்கடுத்து சக்கர நாற்காலி. பிறகு கட்டில். கடையின் பக்கத்தில் சாமான்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையிலேயே அவர் போனார். பணம் போகாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டுமே. அதற்கென்று இருக்கிற தோற்கிற அட்டையை ஆக்சிஜன் மெஷினுக்குப் போட்டார். "குருவி, ஆக்சிஜன் மெஷினுக்கான பணம் வந்து சேரவில்லை. பணம் வந்த பிறகே அனுப்ப இயலும்." சிவப்பு நிறத்தில் தோல்வி என்று சரியாக வந்தது. அவருக்குத் திருப்தி. ஒரு டீ போட்டுக் குடித்தார்.

கடைசியாக, வேண்டாம் என்று ஆர்டரைத் திருப்புவது. கட்டில் ஆர்டரைத் திருப்பிப் பார்த்தார். "குருவி, உங்கள் கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். மீதிப் பணம் வந்து சேரும். நன்றி."

நோயாளிக் கட்டில் ஒரு வீட்டிலிருந்து எப்போது திரும்பிப் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். அத்தான் படுத்திருந்த கட்டிலும் அப்படித்தான் போனது. இவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கை வேலையில் இருக்கும்போது மனசு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

மறுநாள் மத்தியானம் சோதனைச் சாவியை எடுத்துவிட்டு நிஜச் சாவியைப் போட நாற்காலிக்காரர் கடைக்குப் போனார். நீளமான கடை. சுவரோரம் மடக்கிய கட்டில்கள், நடுவில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள், எங்கும் ரப்பர் வாசமும் மருந்துத் தண்ணீர் வாசமும். கடைசியில் அடுக்கிய மெத்தைகளுக்குப் பின்னால் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து, சாவியை மாற்றுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடினார். சாமியிடம் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. 'இன்னைக்குப் பேசிடறேன்' என்று மட்டும் சொன்னார்.

வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"நேத்து ஒரு வீட்ல இருந்து கட்டிலைத் திருப்பி எடுத்துட்டு வந்தீங்களே, அந்த வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"எந்த வீடும்மா? எங்க ஆளுங்க தினமும் எத்தனையோ வீட்ல எடுப்பாங்க. பேரு?"

"குருவி."

"நீங்கதானா அது?" நாற்காலிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு போன்ல, குருவியோட மெஷினுக்குப் பணம் போகலையாம், நான் கட்டறேன்னு சொன்னது நீங்கதானே? நான்தான் சொன்னேனேம்மா, அப்படி யாரும் எங்க கணக்குல இல்லைன்னு. நாங்க மனுசங்களுக்குத்தான் கட்டில் குடுக்கறோம்."

"மனுசன்தான். என் தம்பி." அவள் குரல் ஏறவில்லை. "நீங்க அன்னைக்கு இல்லைன்னு சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல. இப்ப வீட்டை மட்டும் காட்டுங்க. அவனுக்கு வேற யாருமில்ல. ஆக வேண்டியதை நான்தான் பார்க்கணும்."

மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து அவர் எழுந்து வந்தார். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் ஒரு சக்கர நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

அக்கா முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காலைப் பார்த்தாள். கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சக்கர நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அது நகரப் பார்த்தது. நாற்காலிக்காரர் பழக்கத்தில் குனிந்து பிரேக்கைப் போட்டுவிட்டார்.

"நடக்கிற" என்றாள்.

"நடக்கிறேன்க்கா."

"மூச்சு?"

"நல்லா இருக்குக்கா."

"தம்பிக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்காரு" என்றார் நாற்காலிக்காரர். அப்புறம் கல்லாப் பக்கம் போய் எதையோ தேடினார்.

இவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். பணம் கட்டுகிற ஏற்பாடு, அதற்கு ஒத்திகை, இல்லாத அட்டை, விரல் தானாகத் தட்டிய நம்பர் என்று எல்லாவற்றையும் சொன்னார். "எல்லாமே சோதனைக்கா. நெசமா பணமும் போகாது, சாமானும் போகாது."

"மெசேஜ் மட்டும் போகும்."

"அதை நான் கவனிக்கலக்கா."

"கவனிக்கல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். "முதல்ல ஊன்றுகோல்னு வந்துச்சு. கால்ல அடி போலன்னு நெனச்சேன். அப்புறம் நடைச்சட்டம். அப்புறம் வண்டி. உங்க அத்தானுக்கும் இதே வரிசைதான்டா. ஒரு படிகூட மாறல. உன் பழைய நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கறேன், செத்துப் போன நம்பருங்குது. மெஷினுக்குப் பணம் வரலைன்னு வந்த அன்னைக்கு என் மூச்சே நின்னு போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இத்தனை நாளும் நீ நல்லாத்தான் இருந்திருக்க."

"ஆமாக்கா."

"படுத்துக் கிடந்திருக்கான், அதான் பேசலைன்னு நெனச்சேன். சொன்னா அக்கா பயந்துடுவான்னு மறைச்சிருக்கான்னு நெனச்சேன். பஸ்ல வர்ற வழியெல்லாம் உன்னை மன்னிச்சுக்கிட்டே வந்தேன்டா." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. "இப்ப அதை நான் என்ன பண்றது?"

தனக்கு ஒரு சின்னக் காய்ச்சலாவது வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். ஆரோக்கியத்தைக் கொடுத்த ஆண்டவனை அன்றைக்கு ஒரு கணம் நொந்துகொண்டார், பாவம்.

நாற்காலிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணும்மா, மெசேஜ் ஒழுங்காப் போய்ச் சேருதான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அது தீர்ந்துபோச்சு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிற்கிற இடம் வரை இவர் பின்னாலேயே போனார். "ரூமுக்கு வந்துட்டுப் போக்கா. ஒரு டீயாவது குடிச்சிட்டு."

"வேணாம். இருட்டறதுக்குள்ள போகணும். லைட்டுப் போட வீட்ல ஆளில்ல."

அந்த ஒரு சொல்லில் அவருக்கு அந்த வீடு முழுக்கத் தெரிந்தது. அங்கேயும் ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவளே போனை நீட்டினாள். "நம்பரைப் போட்டுக் குடு." வாங்கினார். திரையில் கடையின் மெசேஜ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஊன்றுகோல் முதல் திரும்பிய கட்டில் வரை. பார்க்கச் சகிக்காமல், "இதையெல்லாம் அழிச்சிடவாக்கா?" என்றார்.

"கை வைக்காத" என்றாள். "எழவெடுத்த மெசேஜுதான். இருந்தாலும் தினம் ஒண்ணு வந்துச்சு. இன்னைக்கு உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுது."

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் வெளியே பார்க்கவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் இவர் அங்கேயே நின்றிருந்தார். அடுத்த பஸ்ஸுக்கு வந்தவர்கள் எந்தப் பஸ் போயிற்று என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி, சோதனை ஆர்டர்களையெல்லாம் துடைத்துவிட்டு, நிஜச் சாவியைப் போட்டார். சாயங்காலத்துக்குள் முதல் நிஜ ஆர்டர் வந்தது. யாரோ ஒருவருக்குச் சக்கர நாற்காலி. நாற்காலிக்காரர் கை கொடுத்துச் சிரித்தார். இவர் அந்தப் பேரை ஒரு தடவை மனசுக்குள் சொல்லி, நல்லபடியாக எழுந்து நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கும்பிட நின்றார். வழக்கமாகச் சொல்கிற வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே. சாக்கு எதுவும் மிச்சமில்லை. பகல் முழுக்கப் போனை மேசையில் வைத்து அதைச் சுற்றியே நடந்தார். உதவிப் பக்கத்தின் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். "என்ன உதவி வேண்டும்?" என்றது. மூடிவிட்டார், நன்றி சொல்லாமல்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா நம்பரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட் ஆகிவிடும் என்று நினைத்தபோது எடுத்தாள். யார் என்று கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிற குழாய்ச் சத்தம் மட்டும் வந்தது.

"நேத்து நல்லபடியாப் போய்ச் சேர்ந்தியாக்கா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் அதற்கும் ஒரு ம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். போனை வைத்துவிட்டால் மறுபடி எடுக்கக் கை வராது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பணம் கட்டுகிற ஏற்பாட்டை முதலிலிருந்து, கதை சொல்வதுபோல. ஒரு கடை இருக்கிறது, ஒரு கம்பெனி இருக்கிறது, நடுவில் இரண்டு சாவி இருக்கிறது என்று. அவள் ம் கொட்டினாள். வேண்டாவெறுப்பான ம்தான். இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொட்டினாள். சில இடங்களில் அது வரத் தாமதமானது. அவர் அது வரும்வரை காத்திருந்து மேலே சொன்னார்.

"அந்த அட்டை யாரோடது?" என்று நடுவில் கேட்டாள்.

"யாரோடதும் இல்லக்கா. அப்படி ஒரு ஆளே கிடையாது."

"அப்ப என் நம்பரு மட்டும் எப்படி வந்துச்சு?"

"எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பரு அது ஒண்ணுதான்."

அதற்கு ம் வரவில்லை. குழாய்ச் சத்தம் நின்றது. ஸ்டூலோ நாற்காலியோ, எதையோ தரையில் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, லைனில் இருக்கிறாளா என்று கேட்கவும் பயந்து நின்றார்.

"சொல்லு" என்றாள் அக்கா. "பணம் கட்டினதும் அந்தக் கம்பெனி என்ன பண்ணும்?"